கர்ப்ப காலத்திலும் பிரசவத்தின்போதும் துணை மருத்துவ முறைகள்: எவை உதவும், எவற்றில் எச்சரிக்கை தேவை?

கருவுற்ற பெண் ஒருவர் மருத்துவமனையில் வழங்கப்படும் மாத்திரைகளை மட்டுமே உட்கொள்வதில்லை. வீட்டுப் பெரியவர்கள் வைத்துத் தரும் கஷாயம், நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சூரணம், உறவினர் கொடுத்தனுப்பிய லேகியம், கைப்பேசியில் பார்த்துச் செய்யும் யோகாசனம் எனப் பலவும் அந்த மாதங்களில் அவருடைய அன்றாட வாழ்வில் இடம்பெறுகின்றன. மருத்துவமனைச் சிகிச்சையுடன் சேர்த்துப் பின்பற்றப்படும்போது இவற்றைத் துணை மருத்துவம் என்றும், அச்சிகிச்சைக்குப் பதிலாகப் பின்பற்றப்படும்போது மாற்று மருத்துவம் என்றும் அழைக்கிறோம். பொருள் ஒன்றாகவே இருக்கலாம். காலையில் இஞ்சிக் கஷாயம் அருந்திவிட்டுப் பரிசோதனைக்கு வரும் தாய்க்கு அது துணை மருத்துவம். வாந்தி நிற்காமல் நாக்கு வறண்ட நிலையிலும் கஷாயமே போதும் என்று வீட்டில் வைத்திருந்தால் அதுவே மாற்று மருத்துவமாகிவிடுகிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டு இப்பக்கத்தைப் படிக்க வேண்டுகிறோம்.

மருத்துவரிடம் சொல்லப்படாத மருந்துகள்

"வேறு ஏதேனும் மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று புறநோயாளிகள் பிரிவில் கேட்டால், "இல்லை" என்பதே பெரும்பாலும் விடையாக இருக்கிறது. கேள்வியைச் சற்று மாற்றி, "வீட்டில் கஷாயம், லேகியம், பொடி ஏதாவது தருகிறார்களா?" என்று கேட்டால் விடையும் மாறுகிறது. கஷாயம் மருந்து என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இல்லை. மற்றொரு காரணத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நாட்டு மருந்து என்ற சொல்லைக் கேட்டவுடன் கடிந்துகொள்ளும் மருத்துவர்களும் செவிலியர்களும் உண்டு. ஒருமுறை கடிந்துகொள்ளப்பட்டவர் மறுமுறை எதையும் சொல்வதில்லை.

எனவே, அடுத்த பரிசோதனைக்கு வரும்போது தாய் சேய் நல அட்டையுடன், வீட்டில் பயன்படுத்தும் மருந்துகளின் உறை, புட்டி, பொட்டலம் ஆகியவற்றையும் எடுத்து வாருங்கள். பெயர் தெரியாத பொடியாக இருந்தாலும் கொண்டு வாருங்கள். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டிருந்தால் இது மேலும் முக்கியமாகிறது. சில மூலிகைப் பொருள்கள் இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடியவை. மயக்க மருந்து அளிக்கும் மருத்துவர் அதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

மசக்கை

முதல் மூன்று மாதங்களில் ஏற்படும் குமட்டலுக்கும் வாந்திக்கும் நம் வீடுகளில் முதலில் கைகொடுப்பது இஞ்சி. இது வெறும் நம்பிக்கை இல்லை. குமட்டலை இஞ்சி குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. கர்ப்ப காலப் பராமரிப்புக்கென உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட பரிந்துரைகளிலும், தாயின் விருப்பத்துக்கேற்பப் பயன்படுத்தக்கூடியவற்றுள் இஞ்சி இடம்பெற்றுள்ளது. ஆய்வுகளில் பெரும்பாலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கிராம் சுக்குத்தூள் பிரித்துப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. வீட்டு அளவில் அது சுமார் அரைத் தேக்கரண்டி. அதற்கு மேல் சேர்த்தால் பலன் கூடும் என்று கருத வேண்டாம், நெஞ்செரிச்சல்தான் கூடும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்னரே சுக்கு மருந்தளவில் உட்கொள்ள வேண்டும்.

மணிக்கட்டில் அழுத்தம் கொடுக்கும் முறையையும் சிலர் பின்பற்றுகின்றனர். உள்ளங்கைப் பக்கமாக, மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் அகலம் மேலே, இரு தசைநாண்களுக்கு நடுவில் உள்ள இடத்தை மறு கையின் கட்டை விரலால் சில நிமிடங்கள் அழுத்துவதே அம்முறை. இதன் பயன் குறித்த ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. சிலருக்குக் குமட்டல் தணிகிறது, சிலருக்கு இல்லை. தீங்கு ஏதும் இல்லாததால் முயன்று பார்ப்பதில் தடையில்லை. இவற்றால் பலன் கிடைக்காவிடில், பைரிடாக்சின் எனப்படும் வைட்டமின் பி6 அடங்கிய, கர்ப்பிணிகளுக்குப் பாதுகாப்பான மாத்திரைகள் அரசு மருத்துவமனைகளில் உள்ளன. மசக்கைக்கு மாத்திரை எடுத்தால் குழந்தைக்கு ஆகாது என்று பொறுத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

குடித்த தண்ணீரும் தங்காத நிலை, நாளெல்லாம் சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளாகக் கழிதல், எழுந்து நின்றால் மயக்கம், எடை குறைதல் ஆகியவை தென்பட்டால் அது சாதாரண மசக்கை இல்லை. நரம்பு வழியாக நீரும் உப்பும் வைட்டமினும் செலுத்த வேண்டிய நிலை அது. அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

இருமலுக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் வாயில் அடக்கிக்கொள்ளும் அதிமதுரத்தைப் பற்றி இங்கேயே கூறிவிடுவது பொருத்தம். அதிலுள்ள கிளிசிரைசின் என்னும் பொருள் இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடியது. அதிமதுரம் சேர்த்த இனிப்புகளை விரும்பி உண்ணும் பின்லாந்தில், அதனை மிகுதியாக உட்கொண்ட தாய்மார்களையும் அவர்களது குழந்தைகளையும் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். குழந்தைகளின் அறிவுத்திறன் வளர்ச்சியில் பாதகமான வேறுபாடு காணப்பட்டதால், கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் அந்நாடு அதிமதுரத்தைச் சேர்த்தது. எப்போதோ ஒருமுறை ஒரு துண்டு சுவைத்தவர் அஞ்ச வேண்டியதில்லை. நாள்தோறும் சூரணமாக உட்கொள்வதைக் கர்ப்பம் முடியும்வரை நிறுத்திவிடுங்கள்.

இடுப்பு வலி, கால் குடைச்சல், யோகாசனம்

கர்ப்பம் வளர வளர இடுப்பு வலி வருவது இயல்பு. எளிய உடற்பயிற்சி, இயன்முறை மருத்துவம், வயிற்றைத் தாங்கும் பட்டை ஆகியவை இதற்கு உதவுகின்றன. பயிற்சி பெற்றவர் செய்யும் அக்குபஞ்சரும் இடுப்பு வலிக்கு ஏற்கத்தக்கதே. எண்ணெய் தேய்த்து மென்மையாகப் பிடித்துவிடுவதில் தவறில்லை. முதுகும் தோளும் பாதமும் பிடித்துவிடலாம். வயிற்றின் மீது அழுத்தக் கூடாது.

ஒரு காலில் மட்டும் கெண்டைச் சதை வீங்கி, சூடாக, தொட்டால் வலிப்பதாக இருந்தால் அந்தக் காலைத் தேய்த்துவிடவே கூடாது. அது ஆழ்சிரையில் இரத்தம் உறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். தேய்க்கும்போது உறைகட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்துவிடும் அபாயம் உண்டு.

யோகாசனத்தைப் பொறுத்தவரை, மூச்சுப் பயிற்சியும் தசைகளைத் தளர்த்தும் பயிற்சியும் பெரும்பாலான கர்ப்பிணிகளுக்கு ஏற்றவை. மூச்சை அடக்கும் பிராணாயாமம், வயிற்றை உள்ளிழுக்கும் பயிற்சிகள், தலைகீழ் ஆசனங்கள், குப்புறப் படுத்துச் செய்பவை ஆகியவை வேண்டாம். ஐந்தாம் மாதத்துக்குப் பின் நெடுநேரம் மல்லாந்து படுத்துச் செய்யும் ஆசனங்களையும் தவிர்க்கவும். கருப்பையின் எடை பெரிய இரத்தக் குழாயை அழுத்துவதால் தாய்க்குத் தலைசுற்றலும் குழந்தைக்கு இரத்த ஓட்டக் குறைவும் ஏற்படலாம். இரத்தப்போக்கு, நஞ்சுக்கொடி கீழிறங்கியிருத்தல், கருப்பை வாய்த் தையல் ஆகியவை உள்ளவர்கள் மருத்துவர் அனுமதித்த பின்னரே எந்தப் பயிற்சியையும் தொடங்க வேண்டும்.

சித்த மருந்துகள் உட்கொள்ளும்போது

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்த மருத்துவப் பிரிவு இயங்குகிறது. மாதுளை மணப்பாகு, கரிசாலை லேகியம், பேறுகாலத்துக்குப் பின் சதாவரி லேகியம், சௌபாக்கிய சுண்டி லேகியம் போன்றவை அங்கே வழங்கப்படுகின்றன. சித்த மருத்துவப் பட்டம் பெற்ற அரசு மருத்துவர் உங்கள் அட்டையைப் பார்த்து வழங்கும் மருந்தைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். ஆயினும் இரண்டு செய்திகளை அவரிடமும் உங்கள் மகப்பேறு மருத்துவரிடமும் நீங்களே நினைவுபடுத்துங்கள்.

முதலாவது, சர்க்கரை. லேகியமும் மணப்பாகும் வெல்லம், பனைவெல்லம், சர்க்கரை, தேன் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைக் கொண்டு செய்யப்படுபவை. கர்ப்ப கால நீரிழிவு உள்ள தாய் நாளொன்றுக்கு இரு வேளை லேகியம் சாப்பிட்டுவிட்டு, உணவைக் குறைத்தும் சர்க்கரை ஏன் குறையவில்லை என்று வருந்துவதைப் பலமுறை கண்டிருக்கிறோம். 75 கிராம் குளுக்கோஸ் அருந்தி இரண்டு மணி நேரம் கழித்துச் செய்யும் பரிசோதனையில் உங்கள் அளவு 140 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்தது எனில், லேகியத்துக்கு மாற்று உண்டா என்று கேளுங்கள். பனைவெல்லம் நாட்டுச் சர்க்கரை என்பதால் இரத்தச் சர்க்கரையை ஏற்றாது என்பது தவறான கருத்து.

இரண்டாவது, இரும்பு. அன்னபேதி செந்தூரம் இரும்புச்சத்து கொண்டது. அதனை உட்கொள்பவர்கள் இரும்புச்சத்து மாத்திரையையும் சேர்த்து எடுக்கலாமா, எந்த அளவில் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

மேற்கூறியவை யாவும் தரம் சோதிக்கப்பட்டு அரசு வழியாக வரும் மருந்துகளைப் பற்றியவை. முகவரியோ உற்பத்தி உரிம எண்ணோ இல்லாத உறையில் வரும் செந்தூரம், பற்பம், "ஆண் குழந்தை மருந்து", "கரு நிற்கும் மருந்து" ஆகியவற்றின் நிலை வேறு. 2011, 2012 ஆண்டுகளில் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் ஆறு கர்ப்பிணிகளின் இரத்தத்தில் ஈயம் ஆபத்தான அளவில் கண்டறியப்பட்டது. அவர்கள் அறுவரும் இந்தியாவில் தயாரான ஆயுர்வேத மருந்துகளை உட்கொண்டவர்கள். ஈயம் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையை அடைகிறது. கருச்சிதைவு, குறைமாதப் பிரசவம், குழந்தையின் மூளை வளர்ச்சிக் குறைவு ஆகியவற்றுக்குக் காரணமாகிறது. தாயின் எலும்பில் ஏற்கெனவே தேங்கியுள்ள ஈயமும் கர்ப்ப காலத்தில் இரத்தத்தில் கலக்கிறது. ஆகவே, கருத்தரிக்க வேண்டும் என்று கர்ப்பத்துக்கு முன்பே இத்தகைய மருந்துகளை மாதக்கணக்கில் உட்கொண்டவர்களும் அதனைத் தெரிவிக்க வேண்டும். கருத்தரிப்புக்காக மலைவேம்புச் சாறு அருந்தி வந்தவர்கள் மாதவிடாய் தள்ளிப்போனவுடனே அதை நிறுத்திவிட வேண்டும். வயிற்றில் வளரும் குழந்தைக்கு அது பாதுகாப்பானது என்பதற்குச் சான்று இல்லை.

குங்குமப்பூவும் இரும்புச்சத்து மாத்திரையும்

பாலில் இரண்டு மூன்று இழை குங்குமப்பூ இட்டு அருந்துவதில் தீங்கில்லை. குழந்தையின் நிறம் அதனால் மாறுவதில்லை; தோலின் நிறம் பெற்றோரின் மரபணுவால் அமைவது. மருந்தளவில், கிராம் கணக்கில் உட்கொள்வதுதான் கூடாது.

இதே நம்பிக்கையின் மறுபக்கம் உண்மையான கேட்டைச் செய்கிறது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும், குழந்தை பெரிதாகிப் பிரசவம் கடினமாகும் என்று எண்ணி மாத்திரைகளை அலமாரியில் சேர்த்துவைக்கும் வீடுகள் இன்றும் உள்ளன. மலம் கறுப்பாகக் கழிவதைக் கண்டு இந்த எண்ணம் பிறந்திருக்கலாம். உடல் ஏற்காமல் எஞ்சிய இரும்பு வெளியேறுவதே அதன் காரணம். 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரையை நான்காம் மாதம் முதல் நாள்தோறும் 180 நாள்களும், பிரசவத்துக்குப் பின் மேலும் 180 நாள்களும் எடுத்துக்கொள்ள வேண்டும். முருங்கைக் கீரை, பேரீச்சை, மாதுளை, அத்திப்பழம் யாவும் நல்ல உணவே. ஆனால் ஏழாம் மாதத்தில் 8 கிராமாக இருக்கும் ஹீமோகுளோபினைப் பிரசவத்துக்குள் உயர்த்த அவற்றால் மட்டும் இயலாது. இரத்தசோகை உள்ள தாயின் உடல், பிரசவத்தில் ஏற்படும் சாதாரண அளவு இரத்த இழப்பைக்கூடத் தாங்குவதில்லை. மாத்திரை குமட்டினால் இரவு உணவுக்குப் பின் எடுத்துப் பாருங்கள். தேநீர், காபி, கால்சியம் மாத்திரை ஆகியவற்றுடன் சேர்த்து எடுக்க வேண்டாம்.

கர்ப்ப காலத்தில் தவிர்க்க வேண்டியவை

விளக்கெண்ணெய் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது. நாள் நெருங்கியும் வலி வரவில்லை என்றால் விளக்கெண்ணெய் கொடுக்கும் வழக்கம் நம் நாட்டில் மட்டுமன்றி உலகின் பல பகுதிகளிலும் நெடுங்காலமாக உள்ளது. அதிலுள்ள ரிசினோலிக் அமிலம் குடலையும் கருப்பையையும் சுருங்கச் செய்கிறது என்பது உண்மை. சிக்கலும் அதுவே. எவ்வளவு கொடுத்தால் எந்த அளவுக்குச் சுருங்கும் என்பதை முன்கூட்டிக் கணிக்க இயலாது. குமட்டலும் வயிற்றுப்போக்கும் ஏற்பட்டு, உடலில் நீர் வற்றிய நிலையில் தாய் பிரசவத்துக்கு வந்து சேருகிறார். முன்னர் அறுவைச் சிகிச்சையில் பிரசவமான பெண்ணுக்குத் தையலிட்ட இடத்தில் கருப்பை கிழியும் அபாயமும் இருக்கிறது. மருத்துவமனையில் வலி வரவழைக்கும் மருந்து கொடுக்கும்போது குழந்தையின் இதயத்துடிப்பைத் தொடர்ந்து கவனிக்கிறோம். சுருக்கம் மிகுந்தால் மருந்தை நிறுத்துகிறோம். குடித்துவிட்ட விளக்கெண்ணெயை நிறுத்த வழியில்லை. நாள் கடந்துவிட்டது என்ற கவலை இருந்தால் மருத்துவமனைக்கு வாருங்கள். சித்த மருத்துவர் மலச்சிக்கலுக்குச் சிறிய அளவில் பரிந்துரைக்கும் தைலத்தை, அவர் சொன்ன அளவுக்கு மேல் வீட்டில் கூட்டிக் கொடுப்பதும் இதே தவறுதான்.

பப்பாளியைக் குறித்த அச்சத்தில் பாதி சரி. பப்பாளிக் காயின் பாலில் கருப்பையைச் சுருங்கச் செய்யும் பொருள்கள் இருப்பது எலிகளில் செய்த ஆய்வுகளில் தெரியவந்தது. நன்கு கனிந்த பழத்தில் அத்தகைய விளைவு காணப்படவில்லை. எனவே காயையும் செங்காயையும் தவிர்க்கவும். கனிந்த பழத்தில் சில துண்டுகள் சாப்பிட்டுவிட்டு இரவெல்லாம் அஞ்சி விழித்திருக்க வேண்டியதில்லை. வெந்தயம், எள், பெருஞ்சீரகம் போன்றவற்றைச் சமையலில் சேர்ப்பதும் அப்படியே. கைப்பிடி கைப்பிடியாக மருந்தெனத் தின்பதுதான் வேண்டாம். சோற்றுக் கற்றாழையின் தோலுக்கடியில் உள்ள மஞ்சள் நிறப் பால் கடுமையான பேதி மருந்து. அதனை உட்கொள்ளக் கூடாது.

குழந்தை தலைமாறி இருப்பதாக ஸ்கேனில் தெரிந்தவுடன் வயிறு தடவிவிடுபவரிடம் அழைத்துச் செல்ல வேண்டாம். மகப்பேறு மருத்துவர் தகுந்த தாய்மார்களைத் தேர்ந்து, பெரும்பாலும் 36 வாரங்களுக்குப் பின், ஸ்கேன் உதவியுடன், தேவைப்பட்டால் உடனே அறுவைச் சிகிச்சை செய்யக்கூடிய இடத்தில் குழந்தையைத் திருப்ப முயல்வதுண்டு. இந்த ஏற்பாடுகள் இன்றி வீட்டில் வயிற்றை அழுத்தித் திருப்பினால் நஞ்சுக்கொடி பிரிந்து தாயும் குழந்தையும் ஆபத்துக்கு உள்ளாகலாம்.

விரும்பாத கர்ப்பத்தைக் கலைக்க எருக்கங்குச்சியோ கடையில் கிடைக்கும் பொடியோ பயன்படுத்துவது உயிரைப் பறிக்கக்கூடியது. சட்டப்படியான, பாதுகாப்பான கருக்கலைப்புச் சேவை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவும் இரகசியம் காக்கப்பட்டும் கிடைக்கிறது. ஏற்கெனவே ஏதேனும் பயன்படுத்திவிட்டு இரத்தப்போக்கோ காய்ச்சலோ வந்திருந்தால் தயங்காமல் வாருங்கள்; சிகிச்சையே எங்கள் பணி.

பித்தத் தலைவலி என்று எண்ணியபோது

சில ஆண்டுகளுக்கு முன் முதல் கர்ப்பத்தில் எட்டாம் மாதத்தில் இருந்த ஒரு பெண்ணை இரவு பதினொரு மணியளவில் வலிப்புடன் கொண்டுவந்தனர். மூன்று நாள்களாகத் தலைவலி. பித்தம் என்று கருதி நெற்றியில் சுக்குப் பற்று இட்டிருந்தார்கள். வலிப்பு வந்த நேரத்திலும் அந்தப் பற்று நெற்றியில் காய்ந்திருந்தது. மேல்வயிற்றில் வலி என்று அவர் சொன்னதை வாயு என்று எண்ணி ஓமத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். இரத்த அழுத்தம் 180/120. அவர் பிழைத்தார், குழந்தையும் பிழைத்தது. இருவரும் சில வாரங்கள் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. சுக்குப் பற்று அவருக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை. அதை நம்பிக் கழித்த மூன்று நாள்கள்தாம் தீங்கு செய்தன. அன்போடு பற்று அரைத்துப் போட்ட அந்த அத்தையிடம் நான் எதுவும் கடிந்து சொல்லவில்லை. தலைவலி வந்தால் இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும் என்று அவரிடம் யாரும் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

இருபதாம் வாரத்துக்குப் பின் வரும் நீங்காத தலைவலி, கண் மங்கல் அல்லது கண் முன் பூச்சி பறப்பதுபோல் தோன்றுதல், மேல்வயிற்றில் குறிப்பாக வலப்புறம் வலி, முகமும் கையும் திடீரென வீங்குதல் ஆகியவை கர்ப்ப கால உயர் இரத்த அழுத்தத்தின் அறிகுறிகளாக இருக்கலாம். இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் சிகிச்சையும் கண்காணிப்பும் தேவை. வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் என்னும் ஊசி மருந்து உள்ளது. 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வில், இம்மருந்து வலிப்பு வரும் அபாயத்தைப் பாதிக்கும் மேல் குறைத்தது. வலிப்பு வருவதற்கு முன் வந்தால்தான் அதைத் தடுக்க முடியும்.

குழந்தையின் அசைவு குறைதல், இரத்தப்போக்கு, பனிக்குட நீர் கசிதல், காய்ச்சல் ஆகியவற்றுக்கும் வீட்டு மருத்துவம் கிடையாது. 108 அவசர ஊர்தியை அழையுங்கள். ஐயம் இருந்தால் 104 என்ற எண்ணில் ஆலோசனை பெறலாம். உங்கள் பகுதியின் கிராம சுகாதார செவிலியரும் இரத்த அழுத்தம் பார்க்க உதவுவார்.

வலி தொடங்கியதும்

வலி வந்தால் சீரகக் கஷாயம் வைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். சூட்டு வலியாக இருந்தால் அடங்கிவிடும், பிரசவ வலியாக இருந்தால் கூடிவிடும் என்பார்கள். ஒரு குவளை சீரக நீரால் கெடுதல் இல்லை. ஆனால் பொய்வலி தானாகவே அடங்கக்கூடியது, மெய்வலி தானாகவே கூடக்கூடியது. கஷாயம் இல்லாவிட்டாலும் அப்படித்தான். 37 வாரம் நிறையாத தாய்க்கு இந்தச் சோதனையைச் செய்து காத்திருக்க வேண்டாம். வலி குறைமாதத்தில் தொடங்கியிருந்தால், குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கான ஊசியைப் பிரசவத்துக்கு முன்பே செலுத்த வேண்டும். அதற்கு மணி நேரங்கள் தேவை. கஷாயம் வேலை செய்கிறதா என்று பார்ப்பதில் கழியும் நேரம் அந்தக் குழந்தையின் நேரம்.

பிரசவ அறையில் மருந்தில்லாத பல முறைகள் உண்மையாகவே உதவுகின்றன. அவற்றுள் முதன்மையானது, தாய் நம்பும் ஒரு பெண் உடனிருப்பது. பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை உள்ளடக்கிய ஆய்வுகளின் தொகுப்பு, இடைவிடாத துணை பெற்றவர்களுக்கு இயல்பான பிரசவம் கூடுதலாகவும், அறுவைச் சிகிச்சை குறைவாகவும், வலி நேரம் சற்றுச் சுருங்கியும் இருந்ததைக் காட்டியது. எந்த லேகியத்துக்கும் இத்தகைய சான்று இல்லை. அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைக்கு ஒருவரை அனுமதிக்கிறோம். அவர் யார் என்பதை ஒன்பதாம் மாதத்திலேயே முடிவு செய்து சொல்லிவையுங்கள். தாமே பிள்ளை பெற்ற, பதற்றப்படாத ஒருவராக இருப்பது நலம். தாய்க்குத் தைரியம் சொல்வது, தண்ணீர் கொடுப்பது, இடுப்பைப் பிடித்துவிடுவது ஆகியவை அவருடைய பணி.

மெதுவாக மூச்சை இழுத்து அதனினும் மெதுவாக விடுதல், தசைகளைத் தளர்த்துதல், விருப்பமான பாட்டைத் தாழ்ந்த ஒலியில் கேட்டல், கீழ்முதுகை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தல், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒத்தடம் கொடுத்தல் ஆகியவற்றை உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டுப் பரிந்துரைகள் வலி தணிக்கும் வழிகளாக ஏற்கின்றன. நடக்கலாம், உட்காரலாம், ஒருக்களித்துப் படுக்கலாம். படுத்தே இருக்க வேண்டும் என்பதில்லை. ஒத்தடத்தின் சூட்டை முதலில் உங்கள் முன்கையில் வைத்துப் பாருங்கள். வலியில் இருப்பவர் சூடு பட்டதைக்கூட உடனே உணர மாட்டார். இம்முறைகள் வலியைத் தாங்க உதவுபவை. முழுவதும் நீக்குபவை அல்ல. வலி தணிக்கும் ஊசி வேண்டும் என்று கேட்பது தோல்வியாகாது.

முதல் பிரசவத்தை எதிர்நோக்குபவர்கள் 35ஆம் வாரம் முதல் வாரத்துக்கு ஓரிரு முறை பிறப்புறுப்பின் வாயிற்பகுதியைத் தூய எண்ணெய் தொட்டு மென்மையாக நீவி வந்தால், பிரசவத்தில் தையல் போடும் தேவை குறைகிறது. செய்யும் முறையைச் செவிலியரிடம் கேட்டறியுங்கள். தொற்று, இரத்தப்போக்கு, நீர் கசிவு இருந்தால் செய்யக் கூடாது. ஹோமியோபதி மருந்துகள் பிரசவ வலியை வரவழைக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. அவற்றை நம்பிக் குறித்த நாளைக் கடத்த வேண்டாம்.

பிரசவத்துக்குப் பின்

பூண்டு, மிளகு, பால்சுறாப் புட்டு, பிரசவ லேகியம் என நம் பேறுகால உணவில் நல்லவை பல உள்ளன. ஒன்றை மட்டும் கைவிட வேண்டும். பச்சை உடம்புக்குத் தண்ணீர் ஆகாது என்று கூறி நாளொன்றுக்கு ஓரிரு குவளை மட்டும் கொடுக்கும் பத்தியம் ஆபத்தானது. பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் இரத்தம் இயல்பாகவே எளிதில் உறையும் தன்மையுடன் இருக்கும். நீர் வற்றினால் மூளையின் சிரைகளில்கூட இரத்தம் உறையலாம். தாங்க முடியாத தலைவலி, வாந்தி, வலிப்பு, ஒரு பக்கம் கைகால் செயலிழத்தல் என அது வெளிப்படும். தாய்ப்பால் கொடுக்கும் தாய் தாகம் தீரும்வரை நீர் அருந்த வேண்டும். வெந்நீராகக் கொடுப்பதில் ஆட்சேபணை இல்லை.

தலைக்குக் குளித்த பின் சாம்பிராணிப் புகை காட்டுவதாக இருந்தால் சன்னல் கதவுகளைத் திறந்துவையுங்கள். மூடிய அறையில் கரித்தணல் வைக்கக் கூடாது; குழந்தையைப் புகையில் காட்டவே கூடாது. வயிறு குறையத் துணி கட்டுவோர், மூச்சு இழுத்து விடவும் எழுந்து நடக்கவும் இடையூறில்லாத அளவுக்கு மட்டும் கட்டுங்கள். அறுவைச் சிகிச்சைத் தையல் இருந்தால் அது ஆறும்வரை எண்ணெயோ மஞ்சளோ பற்றோ அதன் மீது இட வேண்டாம்.

பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும் வழக்கம் உள்ள குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனின் வழியாகத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் கிருமி செல்லக்கூடும். முதல் சுவையாகச் சீம்பாலையே கொடுங்கள். சடங்கு தவறக் கூடாது என்று பெரியவர்கள் விரும்பினால், முதலில் பாலருந்தத் தாயின் மார்பில் குழந்தையை வைக்கும் பொறுப்பை அவர்களிடம் அளியுங்கள். எங்கள் பிரசவ அறையில் பல பாட்டிமார்கள் அதனை மகிழ்ச்சியுடன் செய்திருக்கிறார்கள்.